நஞ்சுக்கொடிக்குள் ஒரு பழைய வைரஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"வைரஸ் இல்லையென்றால் மனிதக் குழந்தையே பிறக்காது" என்று ஒரு வரி அவ்வப்போது சுற்றிவரும். படித்ததும் சிலர் வியக்கிறார்கள், சிலர் பயப்படுகிறார்கள், சிலர் நம்பவே மாட்டேன் என்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்த வரி முக்கால்வாசி உண்மை. விட்டுப்போன கால்வாசியில்தான் சுவாரசியமே இருக்கிறது.

முதலில், நஞ்சுக்கொடிக்கும் வைரஸுக்கும் என்ன சம்பந்தம்?

நஞ்சுக்கொடியின் வெளிப்பரப்பு தாயின் ரத்தத்தில் நேராக நனைந்துகொண்டிருக்கும். அந்தப் பரப்பு தனித்தனிச் செல்களால் ஆனதில்லை. எண்ணற்ற செல்கள் தங்களுக்கு நடுவே இருந்த சவ்வுகளை இழந்து, கலந்து, ஒரே விரிப்பாகிவிட்டிருக்கும். செல்களை இப்படிக் கலக்கவைக்கும் புரதத்துக்குச் சின்சைட்டின் என்று பெயர். அதைச் செய்யச் சொல்லும் மரபணு நம் முன்னோர்களுக்கு ஒரு ரெட்ரோவைரஸிடமிருந்து கிடைத்தது. செல்லுக்குள் நுழைவதற்காக வைரஸ் வைத்திருந்த சாவியை, பக்கத்துப் பக்கத்துச் செல்களை இணைக்கும் கருவியாக உடம்பு மாற்றிக்கொண்டது.

பெயரிலேயே ஒரு வேடிக்கை உண்டு. வைரஸ் என்ற லத்தீன் சொல்லுக்கு நஞ்சு என்றுதான் பொருள். நாம் இந்த உறுப்பை நஞ்சுக்கொடி என்கிறோம். வெறும் தற்செயல்தான், ஆனால் இவ்வளவு கச்சிதமான தற்செயல் அபூர்வம்.

வைரஸின் மரபணு நம் டிஎன்ஏவுக்குள் எப்படி வந்து உட்கார்ந்தது?

சாதாரண சளி வைரஸ் செல்லுக்குள் போகும், பெருகும், வெளியேறும். ரெட்ரோவைரஸ் அத்தனை சுலபமாகக் கிளம்பாது. அதன் மரபுச் செய்தி ஆர்என்ஏவில் எழுதப்பட்டிருக்கும். உள்ளே போனதும் அதை டிஎன்ஏவாகத் திருப்பி எழுதி, நம் குரோமோசோமை வெட்டி, நடுவில் தன்னைச் செருகிக்கொள்ளும். திருப்பி எழுதும் அந்த நொதியை 1970-ல் ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். 1975-ல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. எச்ஐவி இந்த வகை வைரஸ்தான்.

ரத்தச் செல்லிலோ தோல் செல்லிலோ செருகிக்கொண்டால் அந்த உயிரோடு கதை முடிந்தது. எப்போதாவது, மிக அபூர்வமாக, விந்தணுவாகவோ கருமுட்டையாகவோ ஆகப்போகிற செல்லில் போய்ச் செருகிக்கொள்ளும். அந்தச் செல்லிலிருந்து ஒரு குட்டி பிறந்தால், குட்டியின் ஒவ்வொரு செல்லிலும் வைரஸின் டிஎன்ஏ இருக்கும். அப்புறம் அது பேரன், பேத்தி என்று போய்க்கொண்டே இருக்கும். நோயாக வந்தது பரம்பரைச் சொத்தாகிவிடும்.

இப்படி வந்து சேர்ந்த துண்டுகள் நம் டிஎன்ஏவில் சுமார் 8 சதவீதம். நம் புரதங்களை எழுதிவைத்திருக்கும் பகுதி 2 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த எண்ணின் கனம் புரியும்.

அப்படியானால் என் உடம்பில் இப்போது வைரஸ் இருக்கிறதா? யாருக்காவது தொற்றுமா?

தொற்றாது. அந்த 8 சதவீதத்தில் ஏறக்குறைய எல்லாமே ஓட்டை உடைசல். கோடிக்கணக்கான ஆண்டுகளில் எழுத்துகள் சிதைந்து, பாதி காணாமல்போய், எந்த வைரஸையும் உருவாக்க முடியாத நிலையில் கிடக்கின்றன. நோயாளியிடமிருந்து வருகிற வைரஸ் வேறு, தாத்தா பாட்டி வழியாக வந்த இந்த டிஎன்ஏ வேறு.

செல்கள் ஏன் ஒன்றாகக் கலக்க வேண்டும்? தனித்தனியாக இருந்தால் என்ன?

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கருத்தரித்து ஏறக்குறைய ஒரு வாரத்தில் கரு கருப்பைச் சுவரைத் தொடுகிறது. அப்போது அது ஒரு சிறு பந்து. தொட்ட இடத்தில் பந்தின் வெளிச்செல்கள் கலந்து, சுவருக்குள் தோண்டிக்கொண்டு போகின்றன. பின்னால் அந்த இடத்தில் மரம்போலக் கிளைத்த விரல்கள் வளர்கின்றன. விரல்களுக்குள் குழந்தையின் ரத்தக் குழாய்கள், விரல்களைச் சுற்றித் தாயின் ரத்தம். இரண்டு ரத்தமும் கலப்பதே இல்லை. நடுவில் இருக்கும் தடுப்பின் வெளி அடுக்குதான் நாம் பேசிக்கொண்டிருக்கும் விரிப்பு. சின்சைட்டியோட்ரோபோபிளாஸ்ட் என்பது அதன் பெயர். பெயர் நீளம், வேலை அதைவிட நீளம்.

விரிப்புக்கு அடியில் ஒற்றை உட்கருச் செல்கள் ஒரு வரிசை இருக்கும். அவை பிரிந்து பெருகும். பெருகுவதில் சில மேலே உள்ள விரிப்போடு கலந்து, தங்கள் உட்கருவையும் சரக்கையும் அதற்குக் கொடுத்துவிடும். விரிப்பு தானாகப் பெருகாது. கீழேயிருந்து வரும் இந்த வரவு நின்றால் அதன் கதி அவ்வளவுதான். பழசாகிப்போன உட்கருக்கள் ஓரிடத்தில் குவிந்து, முடிச்சாகி, உதிர்ந்து, தாயின் ரத்தத்தில் போய்விடும். உதிர்ந்த துண்டுகள் தாயின் நுரையீரல் நுண்குழாய்கள்வரை போவதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பார்த்திருக்கிறார்கள்.

பிரசவ நேரத்தில் இந்தப் பரப்பை மடிப்பெல்லாம் விரித்து அளந்தால் சுமார் 12 சதுர மீட்டர், அதாவது ஓர் அறையின் தரை அளவு வரும். இத்தனை பெரிய பரப்பில் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே ஓர் இடுக்குகூட இல்லை. கிருமிகளுக்கும் தாயின் வெள்ளை அணுக்களுக்கும் சந்துவழியாக நுழைந்து பழக்கம். இங்கே சந்தே கிடையாது. ஆக்சிஜனும் சர்க்கரையும் தாயின் எதிர்ப்புப் புரதங்களும் இந்த அடுக்கின் ஊடாகத்தான் கடந்தாக வேண்டும். எது போகலாம், எது கூடாது என்பதும் இங்கேயே முடிவாகிறது.

கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் இரண்டாவது கோடு தெரிகிறதே, அது காட்டுகிற எச்சிஜி ஹார்மோனை உற்பத்தி செய்வதும் இந்த விரிப்புதான். அந்தக் கோட்டைப் பார்க்கும் நேரத்தில் செல்கள் கலக்கும் வேலை உள்ளே தொடங்கிவிட்டிருக்கும்.

சின்சைட்டின் அதை எப்படிச் செய்கிறது?

ரெட்ரோவைரஸுக்கு முக்கியமாக மூன்று மரபணுக்கள். ஒன்று உட்கூட்டைச் செய்யும், இன்னொன்று நொதிகளைச் செய்யும், மூன்றாவது உறைப் புரதத்தைச் செய்யும். சின்சைட்டின் அந்த மூன்றாவது.

வைரஸின் மேலே துருத்திக்கொண்டிருக்கும் இந்தப் புரதத்துக்கு இரண்டு பாகங்கள். வெளிப்பாகம் எதிரே இருக்கும் செல்லில் தனக்குப் பொருந்தும் ஏற்பியை, அதாவது அந்தச் செல்லின் மேல் இருக்கும் ஒரு புரதத்தை, தேடிப் பிடிக்கும். பிடித்ததும் உட்பாகம் அமுக்கிவைத்த வில்சுருள் விடுபட்டதுபோல நிமிர்ந்து, தன் முனையை எதிர்ச் சவ்வில் குத்தும். குத்திய பிறகு தலைமுடி ஊசிபோல இரண்டாக மடங்கும். மடங்கும்போது இரண்டு சவ்வுகளும் இழுபட்டு ஒட்டிக்கொள்ளும், நடுவே ஒரு துளை திறக்கும். வைரஸாக இருந்தால் அதன் சரக்கு செல்லுக்குள் கொட்டும். நஞ்சுக்கொடியில் குத்துகிறவனும் செல், குத்துப்படுகிறவனும் செல். இருவருடைய சரக்கும் கலந்துவிடுகிறது.

மனிதனின் சின்சைட்டின்-1 புரதம் 538 அமினோ அமிலங்கள் நீளம். அது பிடிக்கும் ஏற்பியின் பெயர் ஏஎஸ்சிடி2. சொந்த வேலையில் அது அமினோ அமிலங்களைச் செல்லுக்குள் ஏற்றிவிடும் ஒரு சுமைகாரன். சுமைகாரனின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைவது வைரஸ்களின் பழைய தந்திரம்.

எல்லாச் செல்லிலும் இந்த மரபணு இருக்கிறதே, உடம்பு முழுவதும் ஏன் ஒட்டிக்கொள்ளவில்லை என்று கேட்கலாம். மற்ற இடங்களில் பெரும்பாலும் அது வேதிப் பூட்டு போட்டு அடக்கிவைக்கப்பட்டிருக்கிறது. நஞ்சுக்கொடிச் செல்களில் ஜிசிஎம்1 என்ற புரதம் வந்து அதை முடுக்கிவிடுகிறது.

இதைக் கண்டுபிடித்தது யார்?

1970-களிலேயே மின்னணு நுண்ணோக்கியில் நஞ்சுக்கொடியைப் பார்த்தவர்கள் வைரஸ் போன்ற துகள்கள் அதன் செல்களிலிருந்து மொட்டுவிடுவதைக் கண்டார்கள். பபூன் குரங்கில் தெரிந்தது, மனிதரிலும் தெரிந்தது. நோய் எதுவும் இல்லாத நஞ்சுக்கொடியில் இது ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை.

திருப்பம் வந்தது 2000-ல். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருந்த ஜெனிட்டிக்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற நிறுவனத்தில் ஷா மி, ஜான் மெக்காய் குழுவினர் ஒரு மனித மரபணுவைச் சோதனைச் செல்களில் போட்டார்கள். செல்கள் ஒன்றோடொன்று கலந்து ராட்சத உருண்டைகளாயின. மரபணுவின் எழுத்துகளை ஒப்பிட்டால், அது ஒரு ரெட்ரோவைரஸின் உறைப் புரதம். உடம்பில் எங்கே வேலை செய்கிறது என்று தேடினால், நஞ்சுக்கொடியின் விரிப்பில். அந்த ஆண்டு பிப்ரவரியில் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. சிறைப்பிடிக்கப்பட்ட வைரஸ் புரதம் என்று தலைப்பிலேயே சொல்லியிருந்தார்கள்.

அதே ஆண்டு பிரான்சின் லியோன் நகரத்தில் பிரான்சுவா மாலே குழுவும் இதே புரதம் செல்களைக் கலக்கவைப்பதைக் காட்டியது. அவர்கள் வந்த பாதை வேறு. நரம்பு நோய் ஒன்றின் பின்னால் இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு வைரஸ் குடும்பத்தைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். நோயைத் தேடிப் போனவர்களும் பிறப்பில் வந்து நின்றார்கள்.

சின்சைட்டின்-1 இருப்பது 7-ஆம் குரோமோசோமில். அந்த வைரஸ் துண்டின் மற்ற இரண்டு மரபணுக்களும் சிதைந்து கிடக்கின்றன. உறை மரபணு மட்டும் முழுசாக நிற்கிறது. சுமார் 2.5 கோடி ஆண்டுகளாக யாரோ துடைத்துப் பாதுகாத்ததுபோல. அந்த யாரோ, இயற்கைத் தேர்வுதான். அதில் பழுது வந்தவர்களுக்கு வாரிசு குறைந்திருக்கிறது, பழுதில்லாதது நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

சின்சைட்டின்-2 என்று ஒன்றும் இருக்கிறதாமே?

ஆம். 2003-ல் பாரீஸுக்குப் பக்கத்தில் உள்ள குஸ்தாவ் ரூசி நிறுவனத்தில் தியரி ஹைட்மான் குழு அதைக் கண்டறிந்தது. இது வேறொரு வைரஸ், வேறொரு காலம், 6-ஆம் குரோமோசோம். வயது 4 கோடி ஆண்டுக்கும் மேல். தென் அமெரிக்கக் குரங்குகளிடமும் இருக்கிறது என்பதால் அவற்றின் கிளை நம்மிடமிருந்து பிரிவதற்கு முன்பே வந்துவிட்டது என்று கணக்கிடுகிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் இருப்பிடங்களின் ஏற்பாடு. சின்சைட்டின்-2 கீழ்வரிசைச் செல்களில் இருக்கிறது, அதன் ஏற்பியான எம்எஃப்எஸ்டி2ஏ மேல்விரிப்பில் இருக்கிறது. பூட்டு ஒரு பக்கம், சாவி மறு பக்கம். கீழ்ச்செல் மேல்விரிப்போடுதான் கலக்கும் என்பதற்கு இதைவிட எளிய ஏற்பாடு கிடையாது. இந்த ஏற்பியும் சொந்த வேலையில் ஒரு சுமைகாரன்தான். மூளைக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்பைச் சுமக்கிறது.

இந்த மரபணு இல்லாவிட்டால் கர்ப்பம் நிற்காது என்பதற்கு என்ன ஆதாரம்?

மனிதரிடம் அந்தச் சோதனையைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. மனித நஞ்சுக்கொடிச் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, சின்சைட்டின்-1 உற்பத்தியைத் தடுத்தால் செல்கள் கலப்பது குறைகிறது. இது 2003-லேயே தெரிந்தது. ஆனால் தட்டு கருப்பை ஆகாது.

வலுவான ஆதாரம் சுண்டெலியிடமிருந்து வந்தது. சுண்டெலிக்கும் இரண்டு சின்சைட்டின்கள், ஏ என்றும் பி என்றும். 2009-ல் ஹைட்மான் குழு ஏ மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளை உருவாக்கியது. அந்த மரபணு இரண்டு பிரதியும் இல்லாத கருக்கள் 11.5 நாளிலிருந்து 13.5 நாளுக்குள் கருப்பையிலேயே இறந்தன. சுண்டெலியின் முழுக் கர்ப்பகாலமே மூன்று வாரம்தான். நஞ்சுக்கொடியை அறுத்துப் பார்த்தால், கலந்திருக்க வேண்டிய செல்கள் கலக்காமல் வரிசையாக, தனித்தனியாக நின்றுகொண்டிருந்தன. பி மரபணுவை மட்டும் எடுத்தால் குட்டி பிழைக்கிறது, ஆனால் வளர்ச்சி குன்றுகிறது. இரண்டையும் எடுத்தால் கரு இன்னும் சீக்கிரம் இறக்கிறது.

செம்மறி ஆட்டில் கதை கொஞ்சம் வேறு. ஆட்டுக்கு நுரையீரல் புற்றுநோய் தரும் ஒரு ரெட்ரோவைரஸ் உண்டு. அதன் நெருங்கிய உறவுக்கார வைரஸ்கள் ஆட்டின் டிஎன்ஏவுக்குள்ளேயே குடியிருக்கின்றன. 2006-ல் வெளிவந்த ஆய்வில், சினை ஆடுகளின் கருப்பையில் அந்த உட்குடி வைரஸின் உறைப் புரதத்தைத் தடுக்கும் பொருளைச் செலுத்தினார்கள். கருவின் வெளிச்செல்கள் சரியாக நீளவில்லை. 20-ஆம் நாளுக்குள் சினை கலைந்துவிட்டது.

சுண்டெலியின் சின்சைட்டினும் நம்முடையதும் ஒன்றுதானே?

இல்லை. நான் முதலில் சொன்ன அந்தக் கால்வாசி இங்கேதான் இருக்கிறது.

நமக்கும் எலிக்கும் ஒரே மூதாதை என்பதால் இருவரும் ஒரே மரபணுவை வாங்கியிருப்போம் என்றுதான் முதலில் தோன்றும். எழுத்துகளை வைத்துப் பார்த்தால் இரண்டும் வெவ்வேறு வைரஸ்களிடமிருந்து, வெவ்வேறு காலத்தில், குரோமோசோமில் வெவ்வேறு இடத்தில் வந்தவை. எலிகளின் மூதாதைக்கு அது கிடைத்து சுமார் 2 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. முயலுக்கு ஒன்று தனியாகக் கிடைத்திருக்கிறது. நாய், பூனை குடும்பங்களுக்குப் பொதுவாக ஒன்று, அது 6 கோடி ஆண்டுக்கும் மேல் பழசு. மாடு, ஆடு, மான் வகைகளுக்கு இன்னொன்று. கங்காருவைப் போலப் பைப்பாலூட்டி வகையைச் சேர்ந்த ஓப்பாசம் என்ற சிறு விலங்குக்கும் ஒன்று உண்டு, அதன் நஞ்சுக்கொடி சில நாள்தான் நிலைக்கும் என்றாலும்.

பாலூட்டிகளோடு நிற்கவில்லை. தென் அமெரிக்காவில் மபுயா என்று ஒரு வகைப் பல்லி. முட்டையிடாமல் குட்டி போடும், நஞ்சுக்கொடியும் உண்டு. அதன் நஞ்சுக்கொடியிலும் வைரஸிடமிருந்து வந்த சின்சைட்டின் வேலை செய்வதை 2017-ல் காட்டினார்கள். பாலூட்டிக்கும் பல்லிக்கும் நடுவே 30 கோடி ஆண்டு இடைவெளி இருக்கிறது. இருவரும் ஒரே கடையில் ஒரே சாமானை வாங்கியிருக்கிறார்கள்.

அப்போ வைரஸ் இல்லாமல் நஞ்சுக்கொடியே உருவாகாதா?

பன்றியையும் குதிரையையும் பாருங்கள். அவற்றின் நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரைத் தோண்டுவதில்லை, மேலோடு ஒட்டி நிற்கிறது. கலந்துபோன விரிப்பும் கிடையாது, அவற்றில் சின்சைட்டினும் தெரியவரவில்லை. ஆனாலும் குட்டி கொழுகொழுவென்று பிறக்கிறது. எனவே "வைரஸ் இல்லையென்றால் நஞ்சுக்கொடி இல்லை" என்று சொல்வது தவறு. கலந்த விரிப்பு உள்ள நஞ்சுக்கொடிகளுக்கு வைரஸ் மரபணு தேவைப்பட்டிருக்கிறது என்பதுவரை சரி.

பாலூட்டிகளின் முதல் நஞ்சுக்கொடி 10 கோடி ஆண்டுக்கும் பழசு, நம் சின்சைட்டினோ 2.5 கோடி. கணக்கு இடிக்கிறதே?

நல்ல கேள்வி. ஆராய்ச்சியாளர்கள் இதற்குச் சொல்லும் விளக்கம் தொடரோட்டம். முதலில் ஏதோ ஒரு வைரஸின் உறை மரபணு அந்த வேலைக்கு வந்திருக்க வேண்டும். பிற்பாடு ஒவ்வொரு கிளையிலும் புதிய வைரஸ்கள் வந்தபோது, இன்னும் நன்றாக ஒட்டும் மரபணு கிடைத்த இடத்தில் புதுசு பொறுப்பை ஏற்க, பழசு ஓய்வு பெற்று, சிதைந்து, அடையாளம் தெரியாமல் போயிருக்கலாம். நம்மிடமே சின்சைட்டின்-2 பழையவர், சின்சைட்டின்-1 பின்னால் வந்தவர், இருவரும் இன்னும் பணியில் இருக்கிறார்கள். கைமாற்றம் பாதியில் இருக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். இந்த விளக்கம் இன்னும் கருதுகோள்தான், ஆனால் இருக்கும் தடயங்களோடு ஒத்துப்போகிறது.

பெக்10 என்ற மரபணுவும் வைரஸிடமிருந்து வந்ததா?

ஏறக்குறைய. பெக்10-ன் மூலம் ஒரு ரெட்ரோடிரான்ஸ்போசான், அதாவது உறை மரபணு இல்லாததால் செல்லைவிட்டு வெளியேற முடியாமல், டிஎன்ஏவுக்குள்ளேயே தாவிக்கொண்டிருக்கும் வைரஸின் பங்காளி. சின்சைட்டினைவிட மிகப் பழசு. கங்காரு வகைகளிடம் இருக்கிறது, முட்டையிடும் பிளாட்டிபஸிடம் இல்லை. குட்டி போடும் பாலூட்டிகள் தனிக்கிளையான சமயத்தில் வந்திருக்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. 2006-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைச் சுண்டெலியிலிருந்து நீக்கினார்கள். நஞ்சுக்கொடி சரியாக உருவாகவில்லை, கருக்கள் பத்து நாளைத் தாண்டவில்லை.

செல்கள் அளவுக்கு மீறி ஒட்டிக்கொண்டால்?

அதற்கும் ஒரு கடிவாளம் இருக்கிறது, அதுவும் வைரஸ் கொடுத்ததுதான். சப்ரெசின் என்ற புரதத்தின் மரபணு 21-ஆம் குரோமோசோமில் உள்ள இன்னொரு வைரஸ் துண்டு. சின்சைட்டின்-1 பிடிக்க வேண்டிய அதே ஏஎஸ்சிடி2 ஏற்பியை இது முந்திப் போய்ப் பிடித்துக்கொள்ளும். நாற்காலியில் துண்டு போட்டு இடம்பிடிப்பது மாதிரி. சின்சைட்டின் வந்தால் இடம் இருக்காது. 2013-ல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இருந்த ஆய்வாளர்கள் சேர்ந்து இதை விவரித்தார்கள்.

2022-ல் கதை இன்னொரு படி போனது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் செட்ரிக் ஃபெஷோட் குழு சப்ரெசினின் இன்னொரு முகத்தைக் காட்டியது. அதே ஏற்பி வழியாக நுழையப் பார்க்கும் இன்றைய ரெட்ரோவைரஸ்களையும் இந்தப் புரதம் மறித்துவிடுகிறது. பழைய திருடனே காவலுக்கு நிற்கிறான்.

புரதம் செய்வது தவிர வேறு வேலையும் உண்டா?

உண்டு, எண்ணிக்கையில் பார்த்தால் இதுதான் அதிகம். ரெட்ரோவைரஸ் துண்டின் இரு முனைகளிலும் ஒரு விசை இருக்கும், பக்கத்து மரபணுவை எரியவிடும் சுவிட்ச் மாதிரி. வைரஸ் மரபணுக்கள் அழிந்துபோன பிறகும் பல இடங்களில் சுவிட்ச் மட்டும் மிஞ்சியிருக்கிறது. நஞ்சுக்கொடி அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்துகிறது.

ஓர் உதாரணம். பிரசவ நேரத்தோடு தொடர்புள்ள சிஆர்எச் என்ற ஹார்மோன் மூளையில் சுரப்பது. மனிதரிலும் குரங்குகளிலும் மட்டும் நஞ்சுக்கொடியிலும் சுரக்கிறது. 2018-ல் மனித சிஆர்எச் பகுதியை அப்படியே சுண்டெலிக்குள் வைத்தார்கள். சுண்டெலியின் நஞ்சுக்கொடியும் அதைச் சுரந்தது, கர்ப்பகாலம் நீண்டது. பக்கத்திலிருந்த டிஎச்இ1பி என்ற வைரஸ் சுவிட்சை மட்டும் வெட்டி எடுத்ததும் பிரசவம் பழைய நேரத்துக்குத் திரும்பிவிட்டது. ஒரு வைரஸ் மிச்சம் பிறந்தநாளைத் தள்ளிவைக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நஞ்சுக்கொடியில் இருக்கும் எல்லா வைரஸ் மரபணுவும் அவசியமானதா?

இல்லை. இஆர்வி-3 என்ற வைரஸின் உறை மரபணு நஞ்சுக்கொடியில் ஏராளமாக வேலை செய்கிறது. அதைப் பார்த்து ரொம்ப முக்கியமானது என்று நினைத்தார்கள். 1998-ல் பார்த்தால், ஐரோப்பிய வம்சாவளியினரில் சுமார் 1 சதவீதம் பேருக்கு அதன் இரண்டு பிரதியுமே உடைந்திருக்கிறது. அவர்கள் நலமாகப் பிறந்து நடமாடுகிறார்கள். ஓரிடத்தில் அதிகம் தென்படுவதாலேயே ஒன்று இன்றியமையாதது ஆகிவிடாது.

முன்சூல்வலிப்புக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரகமும் கல்லீரலும் பாதிக்கப்படும் அந்த நிலையில், நஞ்சுக்கொடியின் சின்சைட்டின்-1, சின்சைட்டின்-2 இரண்டும் வழக்கத்தைவிடக் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. குறைந்ததால் நோய் வந்ததா, நோயால் குறைந்ததா என்பது தீராத விவாதம். நஞ்சுக்கொடிக்கு ஆக்சிஜன் போதாவிட்டாலே சின்சைட்டின் குறையும் என்பதால் இரண்டாவதற்கும் வாய்ப்பு இருக்கிறது. சின்சைட்டினைக் கூட்டும் மருந்து என்று எதுவும் சிகிச்சையில் இல்லை. யாராவது அப்படி விற்றால் வாங்காதீர்கள். கர்ப்பத்தில் தலைவலி, பார்வை மங்கல், முகவீக்கம் வந்தால் மருத்துவரிடம் போங்கள்.

கோவிட் தடுப்பூசி சின்சைட்டினைத் தாக்கி மலட்டுத்தன்மை தரும் என்றார்களே?

2020 டிசம்பரில் கிளம்பிய வதந்தி அது. கொரோனாவின் கூர்ப்புரதமும் சின்சைட்டின்-1-ம் ஒரே மாதிரி, ஒன்றுக்கு எதிராக உண்டான எதிர்ப்புப் புரதம் மற்றதையும் அழித்துவிடும் என்பது வாதம்.

இதில் நிஜம்போலத் தோன்றும் ஒரு இழை இருக்கிறது. இரண்டுமே மேலே சொன்ன வில்சுருள் வகைப் புரதங்கள், ஒட்டும் விதம் ஒரே பாணி. ஆனால் எதிர்ப்புப் புரதம் பாணியைப் பார்த்துப் பிடிப்பதில்லை, எழுத்தையும் வடிவத்தையும் பார்த்துத்தான் பிடிக்கிறது. அந்த எழுத்துகளில் இரண்டும் சில அமினோ அமிலங்களுக்கு மேல் ஒத்துப்போகவில்லை. வாதம் சரியென்றால் கொரோனா தொற்றிய பெண்களுக்கும் அதே கதி வந்திருக்க வேண்டும், அவர்கள் உடம்பிலும் அதே எதிர்ப்புப் புரதம்தான் உண்டாகிறது. சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு செய்துகொண்ட பெண்களில் தடுப்பூசி போட்டவர், தொற்று வந்தவர், இரண்டும் இல்லாதவர் என்று பிரித்துப் பார்த்த ஆய்வில் கரு பதிவதில் வித்தியாசம் தெரியவில்லை.

சின்சைட்டின் பெண்களுக்கு மட்டும்தான் வேலை செய்கிறதா?

நஞ்சுக்கொடி தாயுடைய உறுப்பு என்று நினைப்பதால் வரும் கேள்வி இது. அதன் இந்த அடுக்குகள் கருவுடையவை. ஆண் குழந்தையின் நஞ்சுக்கொடியில் ஆண் குரோமோசோம்தான் இருக்கும். ஆகவே பிறந்த ஒவ்வோர் ஆணும் தன் சின்சைட்டினை ஒருமுறை பயன்படுத்தியவர்தான். சுண்டெலிகளில் தசை நார்கள் இணைவதிலும் சின்சைட்டின் பங்கெடுக்கிறது. பி மரபணு இல்லாத ஆண் சுண்டெலிகளுக்குத் தசை குறைகிறது, பெண் சுண்டெலிகளுக்கு அந்தக் குறை தெரியவில்லை என்று 2016-ல் வந்த ஆய்வு சொல்கிறது.

இப்படி வைரஸ் நுழைவது இன்றும் நடக்கிறதா?

நடக்கிறது, கண்ணெதிரே. ஆஸ்திரேலியாவின் கோவாலாக்களிடம் ஒரு ரெட்ரோவைரஸ் பரவிக்கொண்டிருக்கிறது. வடக்கே குவீன்ஸ்லாந்தில் உள்ளவற்றுக்கு அது ஏற்கெனவே பரம்பரை டிஎன்ஏவாகிவிட்டது, எல்லாவற்றிடமும் இருக்கிறது. தெற்கே போகப் போகக் குறைகிறது. தொற்றுநோய்க்கும் பரம்பரைக்கும் நடுவே ஒரு விலங்கினம் நிற்பதை இவ்வளவு அருகில் பார்க்கும் வாய்ப்பு விஞ்ஞானிகளுக்கு அதற்குமுன் அதிகம் கிடைத்ததில்லை. இப்போதைக்கு அந்த வைரஸால் கோவாலாக்களுக்கு ரத்தப் புற்றுநோயும் நிணநீர்ப் புற்றுநோயும்தான் வருகின்றன. நம் மூதாதைகளிடம் சின்சைட்டினைக் கொண்டுவந்த வைரஸும் வந்த புதிதில் இப்படித்தான் இருந்திருக்கும்.